லொறியிலிருந்து முதல் குதித்தவன்

பக்கத்துக் காணிக்காரன்மீது பொறாமைப்படுவதற்கு யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு யாரும் பயிற்சி கொடுக்கத் தேவையில்லை. நான் அதற்கும் ஒரு படி மேலே போனவன். பெயர் தெரியாத, முகம் தெரியாத, செத்து எத்தனை ஆயிரம் வருடமென்று கொழும்பிலிருந்து வந்த ஐயாவுக்கே சரியாகத் தெரியாத ஒருவன்மீது பொறாமைப்பட்டு வெந்திருக்கிறேன். அந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான். மனைவி இன்னும் உயிரோடு இருப்பதால் எழுத முடியவில்லை. சோறு இறங்கியது. ருசிக்கவில்லை, அவ்வளவுதான்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. குடாநாட்டிலே காணி போதாமல் நெருக்குப்பட்டுக்கொண்டிருந்த எங்களைக் கிளிநொச்சிக்குக் கிழக்கே, குளத்துத் தண்ணீர் பாயும் காட்டிலே, ஆளுக்கொரு துண்டு தந்து குடியேற்றினார்கள். லொறியில் வந்தோம். அம்மி, உரல், இரண்டு கதிரை, காலில் கயிறு கட்டிய கோழிகள், மனைவி, நான். லொறி நின்ற இடத்தில் காட்டைத் தவிர ஒன்றுமில்லை. எல்லோரும் மேலே நின்றபடி அதைப் பார்த்துத் திகைத்துக்கொண்டிருக்க, நான் ஒருவன் மட்டும் தொப்பென்று குதித்து, திரும்பிப் பாராமல் விறுவிறென்று உள்ளே நடந்தேன்.

"பாத்தியளோ, என்ன துணிச்சல்!" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது.

அந்தத் துணிச்சலுக்குக் காரணம் பரந்தன் சந்தியில் குடித்த இரண்டு இளநீர் என்பது எனக்கும் அந்தக் காட்டில் நின்ற ஒரு பாலை மரத்துக்கும் மட்டுமே தெரியும். நான் திரும்பி வந்தபோது எனக்குப் பட்டம் சூட்டியாகிவிட்டது. அன்றிலிருந்து அந்தக் குடியேற்றத்தில் நான் 'முதல் ஆள்'.

இதைச் சின்ன விஷயமாக எண்ணவேண்டாம். ஊரிலே யார் முன்னுக்கு, யார் பின்னுக்கு என்பதெல்லாம் எங்கள் பாட்டன்மார் காலத்திலேயே சண்டை போட்டுத் தீர்த்து வைத்த சங்கதி. காட்டுக்கு வந்த எங்களிடம் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. எல்லோருக்கும் ஒரே அளவு காணி, ஒரே அளவு நுளம்புக்கடி. அப்படிப்பட்ட இடத்தில் லொறியிலிருந்து முதலில் குதித்ததே ஒரு வம்சப் பெருமையாகிவிட்டது.

அந்தப் பெருமையோடு ஓர் உரிமையும் வந்தது: நாள் விதைப்பு. புரட்டாதி கடைசியில், மழைக்கு முன் காய்ந்த புழுதியில் நெல் விதைப்பதுதான் இங்கத்தைய முறை. ஆனால், எடுத்தவுடன் ஆளாளுக்கு விதைத்துவிட முடியாது. நல்ல நாள் பார்த்து, கும்பம் வைத்து, கற்பூரம் கொளுத்தி, ஒருவர் கிழக்கே பார்த்து நின்று தன் வயலில் ஒரு பிடி நெல் எறியவேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் விதைநெல் கடகத்தைத் தூக்கலாம். முதல் வருடம் அந்தப் பிடியை என் கையில் தந்தார்கள். அந்த வருடம் மழையும் பெய்தது, குளமும் நிரம்பியது. மழைக்கும் எனக்கும் ஒரு தொடர்புமில்லை என்பது எனக்குத் தெரியும். கைராசிக்காரன் என்று ஊர் சொன்னால் நான் எதற்கு மறுக்கவேண்டும்?

லொறியிலிருந்து இரண்டாவதாக இறங்கியவன்தான் என் பக்கத்துக் காணிக்காரன். அவன் குதிக்கவில்லை. பக்கப்பலகையைப் பிடித்து ஆறுதலாக இறங்கி, பிறகு மனைவிக்குக் கை கொடுத்தான். என்னைவிடச் சில வயது இளையவன். வாய்க்கு வாய் 'அண்ணை' என்பான். அவனிடம் ஒரு குறையும் இல்லை என்பதுதான் நான் அவனிடம் கண்ட பெரிய குறை. அவன் கூப்பிட்டால் அவனுடைய மாடுகள் வரும். நான் கூப்பிட்டால் என்னுடைய மாடுகள் யோசிக்கும். ஒரே வாய்க்கால் தண்ணீர்தான். அவன் பூசணி உரல் அளவுக்கு வளரும், என்னுடையது தேங்காய் அளவில் நின்று 'இனிப் போதும்' என்று முடிவெடுத்துவிடும்.

"இஞ்சருங்கோ, அந்தப் பிள்ளை விடிய எழும்பித் தண்ணி கட்டுது," என்பாள் மனைவி.

முப்பது வயதுக்காரன் அவளுக்குப் பிள்ளை. அவனுக்கு இரண்டு மூன்று வயது மூத்த என்னைப்பற்றி அவனுடைய மனைவியிடம் இவள் சொல்லும்போது, 'எங்கடை மனிசன்'. இதையெல்லாம் நான் தாங்கிக்கொண்டேன். வருடத்தில் ஒரு நாள், புரட்டாதி முடிவில், அவன் தன் கடகத்தோடு வரம்பில் நின்று நான் எப்போது கை வீசுவேன் என்று காத்திருப்பான். அந்த ஒரு காலைப்பொழுது மிச்ச நாள் முழுவதற்கும் எனக்கு மருந்து.

அந்த மருந்துப் போத்தலைத்தான் அவன் அலவாங்கால் உடைத்தான்.

குடாநாட்டார் நாங்கள் காட்டுக்கு வந்தும் விடாத பழக்கம் ஒன்று உண்டு. வேலி. ஊரிலிருந்து பூவரசங் கதியால்களைக் கட்டுக்கட்டாக லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தோம். காட்டுக்குத் தடி கொண்டு வந்த கூட்டம் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருக்கும். அயலில் உள்ள பழைய ஊர்ச் சனம், பரம்பரையாக வரம்பை மட்டும் நம்பி வயல் செய்த வன்னிச் சனம், வந்து நின்று வேடிக்கை பார்த்துவிட்டு, "உது யானைக்கோ, அயலுக்கோ?" என்று கேட்டார்கள். யானைக்குத்தான் என்றோம். யானை அன்று பின்னேரமே வந்து, அது தனக்கில்லை என்று காட்டிவிட்டுப் போனது.

ஆகவே வருடா வருடம் வேலி விழும், வருடா வருடம் நடுவோம். அந்த வருடம் ஆவணியில் அவன், இந்த முறை ஆழமாக நடுவோம் என்று குழி தோண்ட அலவாங்கு போட்டான். 'டொக்' என்று சத்தம் கேட்டது. தோண்டி எடுத்தால் ஒரு சட்டி. வெளியே சிவப்பு, உள்ளே கறுப்பு, விளிம்பில் ஒரு உடைவு. அதற்குள் இறுகிப்போன மண்ணும் கரியும். கரிக்குள்ளே, கரியாகவே போய்விட்ட நெல்மணிகள்.

"அண்ணை, இதை ஒருக்கால் பாருங்கோ," என்று பாதி நட்ட வேலிக்கு மேலால் நீட்டினான்.

"ஆரோ அடிப்பிடிக்க விட்ட சோத்துச்சட்டி," என்றேன். "எங்கடை வீட்டிலை கிழமைக்கு ஒண்டு கிடைக்கும்."

குசினிக்குள்ளிருந்து ஓர் அகப்பை விழும் சத்தம் கேட்டது. அன்றிரவு எனக்குச் சோறு கடைப் பாணாக மாறியது.

சிரித்துவிட்டு அதை அப்படியே விட்டிருக்கவேண்டும். பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர் சட்டியைப் பார்த்துவிட்டுக் கொழும்புக்கு எழுதிப்போட்டார். கொஞ்ச நாளில் ஒரு ஜீப் வந்தது. அதிலிருந்து அரைக் காற்சட்டையும் பெரிய தொப்பியும் போட்ட ஓர் ஐயா இறங்கினார். நம்மாள்தான், நல்ல தமிழ். பழைய பொருட்களைக் கிண்டி ஆராய்வது அவருடைய உத்தியோகம். பக்கத்துக் காணியிலே கூடாரம் அடித்தார். கயிறு கட்டினார். மண்வெட்டியை ஒதுக்கிவிட்டு, கரண்டியாலும் தூரிகையாலும் மண்ணை ஒற்றி ஒற்றி எடுத்தார். சாப்பாடு பக்கத்து வீட்டில். அவர் நெற்றியைச் சுருக்கி, "இது மிகப் பழைய விவசாயக் குடியிருப்பு மாதிரித்தான் கிடக்கு," என்று ஒருநாள் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். பின்னேரத்துக்கிடையில் அது, 'இந்தப் பகுதியிலேயே முதன்முதல் நெல் விதைச்சவன்ரை வீடு' என்று மாறி, பஸ் ஏறி, பூநகரி வரை போய்விட்டது.

அடுத்த நாள் தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். கடைக்காரர் தண்ணீரூற்று என்ற ஊர்ப்பக்கத்து முஸ்லிம் மனிதர். கருவாடு, சீத்தைத்துணி, பிளேன்ரீ, ஊர்க்கதை எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்து விற்பார். நாங்கள் 'நானா' என்போம்.

"வாங்க, ரெண்டாவது ஆள்! இருங்க," என்றார்.

"நானா, முதல் ஆள் நான்."

"அது போன கிழமை, தம்பி. இப்ப முதல் ஆள் சட்டிக்குள்ளை இருக்கிறான். சட்டி யாரிட்டை இருக்கு? அப்ப முதல் ஆளுக்குச் சொந்தக்காரன் யாரு?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சம் கூடுதலாகவே. அப்போது கமக்காரர் சங்கத் தலைவர் தொண்டையைச் செருமினார்.

"நானும் யோசிச்சனான். இந்த முறை நாள் விதைப்பை அந்தக் காணியிலை, காணிக்காரன்ரை கையாலை வைப்பம். ஆதியிலை வேளாண்மை செய்த மண்ணெல்லே. ராசி மண்ணிலைதானே கிடக்கு. நீங்கள் என்ன சொல்லுறியள்?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் உள்ளே யாரோ உரலில் இடிப்பதுபோல இருந்தது. வாயோ, என்னைக் கேளாமலே, "ஓம் ஓம், அதுதான் முறை. நானே சொல்ல இருந்தனான்," என்றது. பிறகு நெடுநேரமாக ஆறிப்போயிருந்த தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தேன்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கணக்குப் போட்டேன். அவனுடைய காணியில் ஒருவன் இருந்திருக்கிறான் என்றால் என்னுடையதிலும் இருந்திருக்கமாட்டானா? அந்தக் காலத்தில் வேலியா இருந்தது? முதல் ஆள் என் பக்கம் உலாவ வந்தபோது ஒரு குடமாவது, ஒரு பல்லாவது, ஒரு கொழுக்கட்டையாவது தவறவிட்டிருக்கமாட்டானா? அதுவும் பக்கத்துச் சட்டியைவிட ஒரு நாள் முந்தியதாக இருந்துவிட்டால்?

விடிந்ததும் மண்வெட்டியோடு இறங்கினேன்.

"என்னத்துக்குக் கிடங்கு?" என்றாள் மனைவி.

"வாழைக்கு."

"வயலுக்கை வாழையோ?"

"புது முறை."

கொழும்பு ஐயா கரண்டியால் மண் எடுத்துக்கொண்டிருந்த அதே நாட்களில், வேலிக்கு இந்தப் பக்கம் நான் பன்றி கிண்டியதுபோல் கிண்டினேன். உழுது பண்படுத்தி வைத்திருந்த வயல் அம்மை வந்த முகமாயிற்று. விதைப்புக்கு நாள் கிட்டக் கிட்ட என் கிடங்குகள் ஆழமாகின. ஒரு கிடங்கில் எலும்பு வந்தது. தேவாரம் பாடிக்கொண்டு துடைத்தேன். காட்டுப்பன்றியின் தாடை. இன்னொன்றில் இரும்பு வந்தது. என் பழைய மண்வெட்டியின் பூண். எல்லாக் கிடங்கிலும் வந்த ஒரே பொருள் வெள்ளைக் கல்லுச் சில்லு. கண்ணாடிபோலக் கூரானது. ஒன்று என் பெருவிரலைக் கீறிவிட்டது. திட்டிக்கொண்டே அள்ளி வரம்புக்கு வெளியே வீசினேன்.

கடைசியில் ஒரு நாள் நான் தேடியது வந்தது. உருண்டையாக, நீளமாக, வழுவழுவென்று, ஒரு முனை உடைந்த கருங்கல். மனிதன் கை பட்டுத் தேய்ந்தது என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. சால்வையில் சுற்றி, குழந்தைபோல் ஏந்திக்கொண்டு, நேரே தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். ஐயாவும் தற்செயலாக அங்கே பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் காணிக்காரனும் இருந்தான். இதைவிட நல்ல சபை எனக்குக் கிடைக்காது.

"ஐயா, இது என்ன எண்டு சொல்லுங்கோ பாப்பம்," என்று மேசையில், கருவாட்டுக்குப் பக்கத்தில், திரை விலக்கினேன்.

ஐயா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். எடுத்தார், உருட்டினார். "அரைக்கிற கல்லு. நல்லாப் பாவிச்சிருக்கினம்..." என்று தொடங்கினார். நான் பக்கத்துக் காணிக்காரனைப் பார்த்தேன். வாழ்க்கையில் அவ்வளவு அன்பாக நான் அவனை அதற்கு முன் பார்த்ததில்லை.

"ஐயோ, என்ரை குழவி!"

வாசலில் மனைவி. சீனி வாங்க வந்திருக்கிறாள். "முதல் வருச மழைக்குக் கொட்டில் விழேக்கை காணாமல் போன குழவி! எங்கடை அம்மா சீதனமாத் தந்தது! உந்த முனை நான்தான் தேங்காய் உடைக்கேக்கை உடைச்சது. எங்கை கிடந்தது? ஏன் இதுக்குச் சால்வை போத்தி வைச்சிருக்கிறியள்?"

கடை சிரித்ததைப்பற்றி நான் எழுதப்போவதில்லை. நானா மட்டும் சிரிக்காமல், மிக மரியாதையாக, "தம்பி, ஆதிகாலத்துச் சம்பலுக்கு ஆதிகாலத்துக் கருவாடு ஒண்டு கட்டட்டா?" என்று கேட்டார்.

அன்று பின்னேரம் ஐயா என் காணிக்கு வந்தார். ஆறுதல் சொல்ல வந்தாரோ, சிரிக்கத்தான் வந்தாரோ தெரியாது. வரம்பில் நடந்துகொண்டிருந்தவர் திடீரென்று குந்தினார். நான் வீசியிருந்த வெள்ளைக் கல்லுச் சில்லுகளைப் பொறுக்கத் தொடங்கினார்.

"கவனம் ஐயா, கீறும்," என்றேன்.

"கீறத்தான் வேணும். அதுக்குத்தானே செய்தது," என்றார். "இது கத்தி. அம்பிலை வைக்கிற முனை. இதைச் செய்த சனம் அந்தச் சட்டிக்காரருக்கும் எவ்வளவோ முந்தினது."

எனக்குக் காதில் நாதஸ்வரம் கேட்டது. "முந்தினதோ! பக்கத்துக் காணிக்கும் முந்தினதோ? அப்ப முதன்முதல் வேளாண்மை செய்தவன் என்ரை காணியிலையோ?"

"வேளாண்மை இல்லை. இவையள் விதைச்சதாகத் தெரியேல்லை. காட்டிலை வேட்டையாடி, கிழங்கு கிண்டி, தேன் எடுத்து, கிடைச்சதைச் சாப்பிட்டுச் சீவிச்ச ஆக்கள்."

"அப்ப வயல் செய்யாமலே சாப்பிட்டவையோ ஐயா?" என்றாள் மனைவி, மோர் கொண்டு வந்தவள்.

"ஓம் அம்மா."

"சரி," என்று என்னைப் பார்த்தாள். "உங்கடை பரம்பரைதான். சந்தேகமில்லை."

நான் விடவில்லை. முதல் ஆள் யாரென்று தெரியாமல் எனக்கு நித்திரை வராது. "ஐயா, ஆரோ ஒருத்தன் முதல் விதைச்சிருக்கத்தானே வேணும். அது ஆர்?"

ஐயா மோரைக் குடித்துவிட்டு வரம்பில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். "ஒருத்தனைக் காட்டச் சொன்னால் எங்களாலை ஏலாது. காட்டுப் புல்லிலை விதை பொறுக்கி வந்திருப்பா ஒரு பொம்பிளை. வாசலிலை கொஞ்சம் சிந்தியிருக்கும். அடுத்த மழைக்கு அது முளைச்சிருக்கும். அதைக் கண்ட இன்னொருத்தி வேணுமெண்டே சிந்தியிருப்பா. பிறகு வந்தவ, முத்தினாப் பிறகும் மணி உதிராமல் நிக்கிற கதிராப் பாத்து எடுத்து வைச்சிருப்பா. இப்பிடியே எத்தினை தலைமுறை. இதிலை ஆர் முதல்? உலகத்திலை ஒரு இடத்திலை மட்டும் நடந்ததுமில்லை. ஆளை ஆள் தெரியாமல் பல இடத்திலை நடந்திருக்கு. பிறகு சனம் இடம்பெயரேக்கை விதையும் கூட வெளிக்கிட்டிருக்கு. கடல் கடந்தவையும் மடியிலை விதை கட்டிக்கொண்டுதான் வந்திருப்பினம். நீங்கள் லொறியிலை வரேக்கை என்ன கொண்டு வந்தனீங்கள்?"

"கதியால்," என்றேன்.

"கத்தரி விதை, மிளகாய் விதை, பூசணி விதை," என்றாள் மனைவி. "சீலைத் தலைப்பிலை முடிஞ்சு கொண்டு வந்தனான்."

ஐயா அவளைப் பார்த்துத் தலையசைத்தார். ஒரே வீட்டுக்குள்ளேயே நான் இரண்டாவது ஆளாகிவிட்டேன் என்பது எனக்குப் புரிந்தது.

சில நாள் கழித்து ஐயா எங்கள் இருவரையும் கூப்பிட்டார். எங்கள் இரண்டு காணிகளின் எல்லையில் ஒரு நீளக் கிடங்கு. அங்கே இப்போது வேலியில்லை. கதியால்களைப் பிடுங்கி வைத்திருந்தார்கள். கீழே, துப்புரவாக்கிய மண்ணில், கறுப்பு வட்டங்கள். தோசை தோசையாக, ஒரு வரிசையில்.

"மரம் நட்டு உக்கிப்போன இடங்கள்," என்றார். "மரம் போனாலும் மண்ணின்ரை நிறம் போகாது. வீட்டுச் சுவராய் இருக்கலாம், மாட்டுப்பட்டியாய் இருக்கலாம். பாருங்கோ, பக்கத்திலை இன்னொரு வரிசையும் கிடக்கு. பழுதாய்ப்போய்த் திரும்பக் கட்டியிருப்பினம்."

இரண்டு வரிசை. முதலாவதிலிருந்து இரண்டாவது கொஞ்சம் தள்ளி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒரே அளவாக.

நான் பக்கத்துக் காணிக்காரனைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்த்தான்.

"ஒரு முழம்," என்றேன்.

"ஒண்டேகால் சொல்லலாம் அண்ணை."

"வேலியடா!"

"வேலிதான் அண்ணை. வேறையென்ன!"

அவன் அவ்வளவு பலமாகச் சிரித்து நான் கண்டதில்லை. கிடங்கின் விளிம்பில் குந்தியிருந்து இருவரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். ஐயா ஒன்றும் விளங்காமல் தொப்பியைக் கழற்றி எங்களைப் பார்த்தார். வேலியென்று தான் எழுதமுடியாது, ஆதாரம் போதாது என்றார். அவருக்கு ஆதாரம் வேண்டும். எங்களுக்கு வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் வேலி தள்ளிய அந்த ஒரு முழத்துக்காக வழக்குப் போட்டுக் கோடு ஏறாத குடும்பம் எது?

"ஆனால் தம்பி, உன்ரை ஆள்தான் என்ரை பக்கம் தள்ளிப் போட்டிருக்கிறான்," என்றேன் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"இல்லை அண்ணை. உங்கடை ஆள் முதல் இஞ்சாலை வந்து நட்டிருப்பான். என்ரை ஆள் திருப்பி எடுத்திருக்கிறான்."

"என்ரை ஆள் அப்பிடிச் செய்யமாட்டான்."

"என்ரை ஆளும் செய்யமாட்டான் அண்ணை."

சிரிப்பு எங்கே முடிந்தது, வழக்கு எங்கே தொடங்கியது என்று தெரியாது. குரல் ஏறத் தொடங்கியதும் ஐயா நடுவே இறங்கினார். ஆனால் அன்று எனக்கு ஒன்று தெளிவாயிற்று. அந்தச் சட்டிக்காரன், நான் பொறாமைப்பட்டு வெந்த முதல் ஆள், அவனும் எங்கிருந்தோ விதை கட்டிக்கொண்டு வந்து, இந்தக் காட்டுக்குள்ளே, கண்ணுக்கெட்டிய தூரம் காணி சும்மா கிடக்க, பக்கத்தில் ஒருவனைக் குடிவைத்து, அவனோடு ஒரு முழத்துக்கு மல்லுக்கட்டியிருக்கிறான். அந்த அயலவனுடைய பூசணியைப் பார்த்து இவன் வெந்திருப்பான். பாவம். எனக்கு அவன்மீது இருந்த பொறாமை அந்த இடத்திலேயே போய்விட்டது. பக்கத்துக் காணிக்காரன்மீது இருந்ததுதான் போகவில்லை.

அதற்கு அடுத்த நாளே ஐயா பக்கத்துக் காணி வயல் முழுவதையும் சுற்றிக் கயிறு கட்டினார். அந்த வட்டங்களைக் கொழும்பிலிருந்து பெரியவர்கள் வந்து பார்க்கும்வரை கலப்பை படக்கூடாது. எப்போது வருவார்கள்? மாரி முடிந்து வரலாம். அப்படியானால் விதைப்பு? ஐயா தொப்பியை உருட்டினார். எழுதிப் பார்க்கிறேன் என்றார். அவருக்கும் முகம் சரியில்லை.

மறுநாள் காலை பக்கத்துக் காணிக்காரன் வேலி இருந்த இடத்தில் வந்து நின்றான். முதன்முறையாக அவன் சவரம் செய்யாமல் வந்ததைக் கண்டேன். வானத்தில் வடகிழக்கே மேகம் கட்டியிருந்தது.

"உங்களுக்கென்ன அண்ணை," என்றான். "கிடங்கோ குழியோ, உங்கடை காணியிலை நீங்கள் இறங்கலாம்."

அந்தக் குரலை எனக்கு நன்றாகத் தெரியும். அது என்னுடைய குரல். அவன் என்மீது பொறாமைப்படுகிறான்! எத்தனை வருடம் காத்திருந்தேன் இதற்கு. வெல்லக்கட்டியை நாக்கின் கீழ் வைத்ததுபோல அதை அனுபவிக்க முனைந்தேன். இனிக்கவில்லை. ஒரு போகம் விதைக்காவிட்டால் அந்த வீட்டில் அடுத்த மாரிவரை நெல் இல்லை.

"நாள் விதைப்பு என்ரை கையாலை எண்டு சொல்லிப்போட்டினம். எறியிறதுக்கு என்னட்டை மண் இல்லை," என்றான். "உங்கடை காணியிலை எறியட்டோ?"

என் உள்ளே உரல் மறுபடி இடிக்கத் தொடங்கியது. என் மண்ணில், அவன் கை. அதை நான் வரம்பில் நின்று பார்க்கவேண்டும். இல்லை என்று சொல்ல ஒரு காரணம் தேடினேன். கிடங்குகள், வாழை, நாள் சரியில்லை, எனக்குச் சளி. ஒன்றும் வாய்க்கு வருமுன்னே பின்னாலிருந்து மனைவி, "எறியுங்கோ தம்பி. அதோடை பாதிக் காணியை இந்தப் போகம் நீங்களே செய்யுங்கோ," என்றாள்.

"ஓம், அந்தப் பாதியை எடு தம்பி," என்று அவசரமாகக் கிடங்கு நிறைந்த பக்கத்தைக் காட்டினேன்.

"அது வாழைக்கெண்டு நீங்களே வெட்டினது," என்றாள் மனைவி. "தம்பிக்கு மற்றப் பக்கம்."

நல்ல நாள் வந்தது. என் வயலில், கிடங்குகளுக்கு நடுவே மிச்சமிருந்த சமதரையில் கும்பம் வைத்தார்கள். ஊர் முழுவதும் வரம்பில் நின்றது. நானாவும் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். பக்கத்துக் காணிக்காரன் குளித்துத் தோய்ந்து, திருநீறு பூசி, வெள்ளை வேட்டியோடு கடகத்தை ஏந்தி நின்றான். அந்த வேட்டியும் அவனுக்கு என்னைவிட நன்றாகத்தான் இருந்தது. மேகம் தலைக்கு மேலே வந்துவிட்டது. தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார்.

அவன் ஒரு பிடி அள்ளினான். எறியவில்லை. என் பக்கம் திரும்பினான். கடகத்தை நீட்டி, "அண்ணை, நீங்களும் ஒரு பிடி அள்ளுங்கோ. காணி உங்கடை," என்றான்.

குறையே இல்லாத மனிதன். இப்படிப்பட்டவனோடு எப்படித்தான் சீவிப்பது?

அள்ளினேன். "சேர்ந்து எறியுங்கோ, மழை வருது!" என்று தலைவர் கத்தினார். கற்பூரம் எரிந்தது. அவன் கையை உயர்த்தி, அகலமாக, வளைத்து வீசினான். நெல் வானத்தில் விரிந்து, வெயிலில்லாத அந்த வெளிச்சத்திலும் மினுங்கி, எல்லோரும் 'ஆ' என்னும்படி ஆறுதலாக இறங்கியது. அவன் லொறியிலிருந்து இறங்கியதும் இப்படித்தான். நான் அப்படியெல்லாம் வீசவில்லை. முழங்காலை மடக்கி, புழுதிக்கு ஒரு சாண் உயரத்தில் கையை வைத்து, பொத்தென்று போட்டேன். ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் அண்ணாந்து அவனுடைய நெல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருட நாள் விதைப்பு பக்கத்துக் காணிக்காரன் கையால் நடந்தது என்றுதான் இன்றைக்கும் ஊரில் சொல்வார்கள். நான் மறுப்பதில்லை. அவனும் நானும் நாற்பதைத் தாண்டிவிட்டோம். அவனுக்கு நரைக்கவும் இல்லை. அந்த மாரி முடிந்ததுமே, பெரியவர்கள் வந்து பார்த்து, கயிறும் அவிழ்த்தாயிற்று. இருவருமாகத் திரும்ப வேலியும் நட்டோம். எங்கே நட்டோம் என்று எங்களைக் கேட்கவேண்டாம்.

எப்போதோ ஒரு காலம், இன்னொரு ஐயா தொப்பியோடு வந்து இந்த இடத்தைக் கரண்டியால் கிண்டுவார். கதியால் உக்கிய கறுப்பு வட்டங்களைக் கண்டு, சுவரோ பட்டியோ என்று நெற்றியைச் சுருக்குவார். முதல் நெல் யாருடையது என்று மண்ணைப் பார்த்து அவரால் சொல்லமுடியாது. அதனால் அவருக்காக இங்கே எழுதி வைக்கிறேன்: உயர எறிந்தவன் அவன். தாழ எறிந்தவன் நான். என்னுடையதுதான் முதலில் விழுந்தது.